மணல்மேட்டு வீட்டுக்கு எந்தக் கழிப்பறை? வேதாரண்யம் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேதாரண்யம் வட்டத்தில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மணல்மேட்டில் இருக்கிறது அந்தத் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, நின்ற மரங்களில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டன. உரிமையாளர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். 2021 கடைசியில் ஊர் திரும்பியவர், புதுக்கன்று வைத்துத் தோப்பிலேயே குடியிருப்பது என்று தீர்மானித்தார். ஊருக்குள் இருந்த பழைய வீட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. தோப்புக்கு வரப்போவது அவர், அவர் மனைவி, எழுபத்து நான்கு வயது அம்மா என மூன்று பேர்.

வீடு 240 சதுர அடி. ஒரு அறை, அடுப்படி, முன்னால் திண்ணை, அவ்வளவுதான். மின்கம்பி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது. இணைப்பு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 300 வாட் சோலார் பலகையும் ஒரு பேட்டரியும் வைத்துக்கொண்டார்கள். வரைபடமும் மேற்பார்வையும் என் பொறுப்பு.

வீட்டைப் பற்றிய மற்ற முடிவுகள் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன. கழிப்பறைக்கு மட்டும் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. மின்சாரமும் குழாய் இணைப்பும் இல்லாத சிறு வீடுகளுக்குக் கழிப்பறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் வாங்குவது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இவரும் அப்படித்தான் வந்தார். நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, சேர்ந்ததைக் கடைசியில் யார் அள்ளப்போகிறார்கள் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகே மாடலைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இந்த வீட்டில் அந்த இரண்டு கேள்விகளும் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இடத்தில் பார்த்தவை

முதலில் தண்ணீர். கடலோர மணல்மேடுகளில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடையில் குறைவு என்பதால் மேலே நிற்கிறது. ஆழமாக போர் போட்டால் உப்புதான் வரும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் கைப்பம்பும் கிணறும் ஆழமில்லாமல் இருக்கின்றன. இந்தத் தோப்புக் கிணற்றில் மே மாதம் ஒன்பது அடியில் தண்ணீர் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு அடிக்கு ஏறிவிடும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். கிணற்றின் உறையில் பாசி படிந்திருந்த கோடும் அதையே காட்டியது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தண்ணீர்தான். கழிவு நிலத்துக்குள் இறங்கினால் போய்ச் சேரும் இடமும் அதே தண்ணீர்தான்.

அடுத்தது பாதை. சாலையிலிருந்து தோப்புக்கு மணல்தடம் மட்டுமே. செங்கல்லை டிராக்டரில் இறக்கும்போதே இரண்டு முறை சக்கரம் புதைந்தது. செப்டிக் டேங்க் லாரி உள்ளே வர வழியில்லை.

மூன்றாவது, வீட்டின் பழக்கம். மூவருமே தண்ணீர் விட்டுக் கால் கழுவுகிறவர்கள். இதைச் சாதாரண விஷயமாக நினைத்துத் தாண்டிப் போய்விடக் கூடாது. அவர் கைபேசியில் காட்டிய வெளிநாட்டுக் கழிப்பறைகள் ஏறக்குறைய எல்லாமே காகிதத்தால் துடைக்கிறவர்களுக்காக வடிவமைத்தவை. அவற்றில் கால் கழுவும் தண்ணீர் போக இடமே கிடையாது. அது மலத்தோடு சேர்ந்தால் உலர்த்தும் முறை அத்தனையும் கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு முட்டிவலி உண்டு, ஆனால் குத்தவைத்து உட்கார முடிகிறது என்று குறித்துக்கொண்டேன். இந்தக் குறிப்பின் மறுபாதி பின்னால் வருகிறது.

பேச்சில் வந்த வழிகள்

செப்டிக் டேங்க் முதலில் வந்தது, முதலில் போனது. டேங்க் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அதிலிருந்து வழியும் நீர் கிருமி நிறைந்தது. அதற்கு உறிஞ்சு குழி வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குழியே தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். காலி டேங்க் நிலத்தடி நீரின் அழுத்தத்தில் மேலெழும்பும் ஆபத்தும் உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சியெடுக்க லாரியும் வராது.

ரெட்டைக் குழிக் கழிப்பறையை நான் மதிக்கிறேன். தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குழிகள், ஒன்று நிரம்பியதும் மற்றொன்று, நிரம்பியது ஒன்றிரண்டு வருடம் ஆறி மண்ணாகும். ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரில் வேலை முடியும். உள்நாட்டுச் செம்மண் பூமியாக இருந்தால் இதைத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்திருக்க மாட்டேன். ஆனால் அது பாதுகாப்பாக இயங்க, குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர் உலர்ந்த மண் இருக்கவேண்டும். இங்கே மழைக்காலத்தில் 2 அடிகூட இல்லை. குழியைச் சுற்றி அரை மீட்டருக்கு மணல் உறை போட்டு, அடியை அடைத்து, மேடாக்கிக் கட்டும் வழி கையேடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தாலும் மழை மாதங்களில் குழிக்குள் தண்ணீர் ஏறும், ஆறவேண்டிய குழி ஆறாது. உட்காரும் பீங்கானையும் உயரத்தில்தான் வைக்கவேண்டியிருக்கும். உயரத்துக்குப் போவது என்றான பிறகு, தண்ணீரே தேவைப்படாத முறையைப் பார்ப்பது மேல் என்று தோன்றியது.

பயோ டைஜஸ்டர் தொட்டி வைக்கலாமா என்று அவர் கேட்டார். ரயில்களில் ஓடுவது, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய நுட்பம். தொட்டிக்குள் பாக்டீரியா மலத்தைச் சிதைப்பது உண்மை. வெளியே வரும் தண்ணீர் நிலத்துக்குள்தான் போகவேண்டும் என்பதும் உண்மை. அந்த இடத்தில் இது செப்டிக் டேங்குடன் சேர்ந்துவிடுகிறது.

எரிக்கும் கழிப்பறை அவரை மிகவும் கவர்ந்திருந்தது. ஒரு கைப்பிடி சாம்பல்தான் மிஞ்சும் என்ற விளம்பரம். கணக்குப் போட்டுக் காட்டினேன். மின்சாரத்தில் எரிக்கும் வகை ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை இழுக்கும். அவருடைய 300 வாட் பலகை நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கச் சேர்ப்பதே ஒன்றே கால் யூனிட்தான். பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியாக வாளி முறை. வாளியில் மரத்தூள் தூவி, நிரம்பியதும் எடுத்துப்போய் உரக்குழியில் கொட்டுவது. வெளிநாட்டில் சக்கரத்தில் நகரும் சிறு வீடுகளில் பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். செலவும் மிகக் குறைவு. அவருக்குச் சம்மதம், மனைவி சம்மதிக்கவில்லை. "வாரா வாரம் வாளியத் தூக்கறது நீங்களா, நானா? உங்களுக்கு உடம்பு முடியலன்னா யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவர் சட்டென்று சொன்ன பதில், "ஆள் வெச்சுக்கலாம்."

இந்த இடத்தில்தான் நான் ஒரு நிபந்தனை போட்டேன். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் காலி செய்வது வீட்டுக்காரர்தான், கூலிக்கு ஆள் பிடிக்கும் பேச்சே கூடாது. 2013 ஆம் ஆண்டின் சட்டம் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. முழுதாக மக்குவதற்கு முன்பே மலத்தைக் கையால் அகற்றவேண்டியிருந்தால் அந்தக் கழிப்பறையே சுகாதாரமற்றது என்பது அதன் வரையறை. சட்டத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் "ஆள் வெச்சுக்கலாம்" என்றால் எந்தத் தெருவிலிருந்து ஆள் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவை நம்பி ஒரு புது வீட்டைத் திட்டமிட என்னால் முடியாது. இதை அவரிடம் நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார், நான் தொடக்கூடிய மாதிரி ஒன்னு சொல்லுங்க" என்றார்.

கைவிடப்பட்ட ஒரு கழிப்பறை

அவர் தொடக்கூடியது என்றால் முழுதாக மக்கி உலர்ந்ததாக இருக்கவேண்டும். அப்படித் தருவது ஈகோசான் எனப்படும் உலர் கழிப்பறை. தரைக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு அறைகள். பீங்கானில் மலத்துக்கு நடுவில் ஒரு துளை, சிறுநீருக்கு முன்னால் ஒரு வழி, கால் கழுவப் பின்னால் தனிக் கிண்ணம். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. மலத்தின் மேல் சாம்பல் தூவி மூடிவைத்தால் அது காய்ந்து, கிருமி செத்து, மண்ணாகிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் இப்படிப்பட்ட பொதுக் கழிப்பறையே கட்டி நடத்தியிருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை கடலோரத்திலும் பல இடங்களில் கட்டினார்கள்.

அவற்றில் ஒன்று பக்கத்துக் குடியிருப்பில் இருந்தது. மூவரும் போய்ப் பார்த்தோம். உள்ளே விறகு அடுக்கியிருந்தது. சிறுநீர்த் துளையில் யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் ஒளிக்காமல் பேசினார். கேஸ் அடுப்பு வந்ததும் சாம்பல் இல்லாமல் போயிற்று, பிள்ளைகள் எல்லாத் துளையிலும் தண்ணீர் ஊற்றின, புழு வந்தது, திறந்து அள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விடை இருந்தால்தான் கட்டுவது என்று திரும்பும் வழியிலேயே பேசிக்கொண்டோம். எந்த விளம்பரத் தாளையும்விட அந்த அரைமணி நேரம் எங்களுக்கு உபயோகமாக இருந்தது.

முடிவும் கட்டிய விதமும்

சாம்பலுக்குத்தான் முதலில் அலைந்தார். டெல்டாவில் நவீன அரிசி ஆலைகள் உமியை எரித்து நெல் அவிக்கின்றன. ஆலைக்குப் பின்னால் உமிச்சாம்பல் குன்றாகக் கிடக்கும், கேட்டால் மூட்டையில் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் விறகுச் சாம்பலுக்கு இருக்கும் காரத்தன்மை அதில் குறைவு, பெரும்பகுதி சிலிக்காதான். கிருமியைக் கொல்ல உலர்ச்சியோடு காரமும் வேண்டும். ஆகவே ஐந்து பங்கு உமிச்சாம்பலுக்கு ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புத்தூள் கலப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அறையின் அளவுக்கு மூன்று பேர், வந்துபோகும் விருந்தாளிகள், தூவும் சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து, ஓர் அறை ஒரு வருடம் தாங்கவேண்டும் என்று கணக்கிட்டோம். உள்ளளவு 3 அடிக்கு 3 அடி, உயரம் இரண்டரை அடி. 20 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் ஆறவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் சொல்கிறது. வேதாரண்யத்தில் மார்கழியில்கூடப் பகல் அதற்குக் கீழே போகாது. ஓர் அறை நிரம்ப ஒரு வருடம், மூடி ஆற ஒரு வருடம் என்று சுற்று பொருந்திவந்தது.

அறைகளின் அடியில் தளம் போட்டு, அதைச் சுற்றுத் தரையைவிட ஓரடி உயர்த்தினோம். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக. பின்பக்கக் கதவுக்கு இரும்புத் தகடு வேண்டாம் என்றேன், உப்புக்காற்று தின்றுவிடும். காங்கிரீட் பலகை வைத்து, இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் பூசியாயிற்று. திறக்கவேண்டியபோது உளியால் தட்டினால் கழன்றுவரும். நாலு அங்குலக் காற்றுக்குழாய்க்குக் கறுப்பு வண்ணம் அடித்து, கூரைக்கு மேலே இரண்டடி தூக்கி, வாயில் வலை கட்டினோம்.

கால் கழுவும் தண்ணீர் நாளுக்கு ஏழெட்டு லிட்டர் வரும். அதில் கிருமி உண்டு, இந்த மணலில் விட்டால் நேராகக் கிணற்றுத் தண்ணீரில்தான் கலக்கும். அதனால் அடியில் தார்பாய் விரித்து, செங்கல் சல்லியும் மண்ணும் நிரப்பி, 6 அடிக்கு 3 அடியில் ஒரு படுகை அமைத்துக் கல்வாழை நட்டோம். தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. செடி உறிஞ்சியும் வெயில் காய்ச்சியும்தான் தீரவேண்டும். சிறுநீருக்கு 20 லிட்டர் கேன். குளிக்கும் தண்ணீர் தனியாக வாழைக்குப் போகிறது.

இடம் பற்றி ஒரு தகராறு வந்தது. வீட்டை ஒட்டியே கட்டலாம் என்று சொன்னேன். அம்மாவும் மகனும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் கக்கூஸ் கூடாது. மருமகள் மட்டும், "ராத்திரி மழையில அத்தை எப்படிப் போவாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். அத்தையே வேண்டாம் என்ற பிறகு பேச இடமில்லை. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, ஐந்து படிகளோடு கழிப்பறை எழும்பியது. 2022 ஜூனில் குடிவந்தார்கள்.

முதல் மழைக்காலம்

முதல் நான்கு மாதங்களில் குறை எதுவும் இல்லை. உள்ளே நின்றால் ஈரச் சுண்ணாம்பு வாசம்தான் வந்தது.

நவம்பரில் கல்வாழைப் படுகை நிரம்பி வழிந்தது. வெயில்காலத்தில் அந்த அளவுப் படுகை நாளுக்கு எட்டு லிட்டர் வரை குடித்துவிடும். அடைமழையில் அதில் பாதிகூடக் குடிக்காது. அதோடு வானத்துத் தண்ணீரும் திறந்த படுகையில் நேராக விழுந்தது. உடனே செய்தது, கிண்ணத்தின் குழாயைக் கழற்றி ஒரு மூடிய கேனுக்குத் திருப்பியது. மழை விட்டதும் படுகையை இரண்டு மடங்கு நீளமாக்கி, மேலே ஒளி ஊடுருவும் தகட்டில் கூரை போட்டோம். அடுத்த மழைக்காலத்தில் வழியவில்லை.

சாம்பல் விஷயத்திலும் மழை கைவைத்தது. திண்ணையோரம் வைத்திருந்த மூட்டைகள் ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிட்டன. ஈரச்சாம்பல் போட்டு என்ன பயன்? மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம் இரண்டு வாங்கி, புரட்டாசி முடிவதற்குள் நிரப்பிவைப்பது வழக்கமானது.

அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது

ஜனவரியில் மருமகள்தான் கவனித்தார். மாலை ஐந்து மணிக்கு மேல் அத்தை காபியும் குடிப்பதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசத்தைத் தவிர்த்துவிட்டுக் கெட்டிமோர் சாதம். கேட்டால் "வயிறு மந்தமா இருக்கு." இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்: "கொல்லைக்குப் போறதுக்கு இருட்டுல படி ஏறணும். உள்ள போயி ஒரு தடவ உக்காந்து, கால் கழுவ இன்னொரு பக்கம் நவுந்து உக்காரணும். விழுந்தா யாரு பார்க்கறது?"

குத்தவைத்து உட்கார முடியும் என்று நான் எழுதிக்கொண்டது உண்மைதான். ஆனால் இந்த வகைப் பீங்கானில் உட்கார்ந்த நிலையிலேயே ஓரடி பின்னால் நகரவேண்டும். முட்டி போன ஒருவருக்கு உட்காருவதைவிட அதுதான் கஷ்டம். வயதானவர் இருக்கும் எந்த வீட்டிலும், அவரைச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் துளைகள் வரைந்து உட்காரவும் நகரவும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். கட்டிய பிறகு அவராக வந்து குறை சொல்ல மாட்டார், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு சமாளிப்பார்.

மூன்று மாற்றங்கள் செய்தோம். வீட்டுத் திண்ணையிலிருந்து கழிப்பறை வரை, திண்ணை உயரத்திலேயே தூண் எழுப்பிப் பலகை நடைபாதை போட்டோம். ஐந்து படி ஒன்றாகக் குறைந்தது. உள்ளே ஒரு மூலையில் நாற்காலி உயரத்துக்கு மேடை கட்டி, அதில் அடுத்தடுத்து இரண்டு இருக்கை வைத்தோம். ஒன்று பிரிக்கும் இருக்கை, மற்றது கால் கழுவ. சுவரில் பதித்த குழாயைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். மூன்றாவது, சோலாரிலிருந்து நடைபாதைக்கும் உள்ளுக்கும் விளக்கு. அந்தக் கோடையிலேயே ராத்திரி ரசம் திரும்பிவந்துவிட்டது என்று மருமகள் சொன்னார்.

விருந்தாளிகளும் குழாயும்

2023 சித்திரையில் பேரப்பிள்ளைகளோடு ஒன்பது பேர் வந்து பத்து நாள் தங்கினார்கள். சுனாமிக் குடியிருப்பில் கேட்ட கதை இங்கே அப்படியே நடந்தது. பிள்ளைகள் நடுத்துளையில் தண்ணீர் ஊற்றினார்கள். நான்காம் நாள் வாடை, ஆறாம் நாள் புழு. அவர் பின்கதவைத் திறந்து, நீளப் பிடி போட்ட வாரியால் கிளறி, இரண்டு மூட்டை உலர்ந்த சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டினார். ஒரு வாரத்தில் சரியாயிற்று. அதன் பிறகு நடுத்துளைக்குக் கால் மூட்டை அளவு கனமான மரமூடி வந்தது. பெரியவர் துணையில்லாமல் சின்னப் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. மாதவிடாய்த் துணிக்கும் நாப்கினுக்கும் மூடிபோட்ட தகரம் தனியாக வைத்திருக்கிறார்கள். அறைக்குள் போட்டால் அது மக்காமல் கிடக்கும்.

சிறுநீர்க் குழாய் ஒரு வருடத்துக்குள் அடைத்துக்கொண்டது. ஒரு அங்குல வளையும் குழாய் போட்டிருந்தோம், அது ஓரிடத்தில் தொய்ந்து தேங்கியது. தேங்கிய சிறுநீரிலிருந்து உப்பு படிந்து கல்லாகும். கிணற்றுக் கடினநீரை ஊற்றிக் கழுவியது அதை வேகப்படுத்தியது. இரண்டு அங்குல பிவிசி குழாயாக மாற்றி, எங்கும் தொய்வில்லாமல் சரிவு கொடுத்ததும் பிரச்சினை விட்டது. வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் வினிகர் ஊற்றுகிறார்கள். குழாயின் நுனி கேனின் அடிவரை போகவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும். இல்லையென்றால் அம்மோனியா வாடை தாங்காது.

சிறுநீரை எட்டு மடங்கு தண்ணீர் கலந்து தென்னங்கன்றுக்கும் வாழைக்கும் விடுகிறார்கள். நம் உடம்பிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறத்தாழ எண்பது தொண்ணூறு சதவீதம் சிறுநீரில்தான் போகிறது. மணல் நிலத்துக்கு அது பெரிய வரம், அதே சமயம் மணலில் நிற்காமல் இறங்கவும் செய்யும். ஒரே கன்றுக்குத் தினமும் ஊற்றினால் நைட்ரேட் கிணற்றுக்குப் போகும். அதனால் கிணற்றிலிருந்து ஐம்பதடிக்குள் ஊற்றுவதில்லை, சுற்றுமுறையில் விடுகிறார்கள், அடைமழை நாட்களில் கேனிலேயே சேர்த்துவைக்கிறார்கள்.

காற்றுக்குழாயின் இரும்பு வலை பதினோரு மாதத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஈ உள்ளே போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. இப்போது துருப்பிடிக்காத எஃகு வலை.

அறையைத் திறந்தது

முதல் அறையை 2023 ஜூனில் மூடினார்கள். 2024 ஜூன் கடைசியில் திறந்தோம். அவர் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு, "நீங்க வந்து நிக்கணும் சார்" என்றார். குரலில் தயக்கம் இருந்தது.

கையுறை, பூட்ஸ், வாயில் துணி. உளியால் தட்டிப் பலகையை நகர்த்தியபோது ஒரு வாடையும் வரவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில், காய்ந்த எருக்குவியல் போல ஒரு மேடு. மண்வெட்டி வைத்ததும் பொலபொலவென்று சரிந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சில கட்டிகள், உடைத்தால் அதுவும் உலர்ந்தே இருந்தது. புழு இல்லை. ஒரு மூலையில் நாப்கின் ஒன்று அப்படியே கிடந்தது, விருந்தாளிகள் வந்தபோது விழுந்திருக்கும். முதல் நான்கு தட்டு அள்ளும் வரை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அள்ளினார். பிறகு துணியை இறக்கிவிட்டுவிட்டார். நான் திரும்பக் கட்டச் சொன்னேன், சாம்பல்தூசி நெஞ்சுக்கு ஆகாது. மனைவி தட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது.

அள்ளியதைத் தென்னங்கன்றுகளுக்கு ஓரடி ஆழத்தில் வட்டக்குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூடினோம். கீரைக்கும் காய்கறிக்கும் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உருண்டைப்புழுவின் முட்டை மற்ற கிருமிகளைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். வீட்டில் நாம் பார்த்தோ முகர்ந்தோ அது செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது.

கிணற்றுத் தண்ணீர்

கட்டுவதற்கு முன்பே கிணற்று நீரை ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பியில் சோதித்து வைத்திருந்தோம். மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும் எளிய சோதனை. 2021 டிசம்பரில் கறுத்தது, 2022 மே மாதம் கறுக்கவில்லை. கழிப்பறை வந்த பிறகும் அதே போக்குதான்: மழை மாதத்தில் கறுக்கிறது, கோடையில் இல்லை. இந்தக் கழிப்பறையால் கிணறு மோசமாகவில்லை என்பதற்கு இது ஓரளவு ஆதாரம். கிணறு நல்லதாகிவிடவும் இல்லை. அக்கம்பக்கத்துத் தோப்புகளில் உறை இறக்கிய கழிப்பறைக் குழிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தண்ணீர்ப் படலம். வருடம் முழுக்க காய்ச்சித்தான் குடிக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்றுவது

இதே மாதிரி இடத்தில் இன்னொரு வீடு வந்தால் முதலில் வீட்டின் பேஸ்மட்டத்தையே மூன்றரை அடிக்கு உயர்த்துவேன். கஜா பார்த்த ஊரில் அது எப்படியும் நல்லது. வீட்டுத் தரையும் கழிப்பறைத் தரையும் ஒரே மட்டமாகிவிட்டால் படியே வேண்டியதில்லை. அடுப்படிக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி, நடுவில் ஒரு சிறு திறந்தவெளி விட்டுக் கட்டினால் அம்மாவும் ஒப்புக்கொண்டிருப்பார் என்று இப்போது அவரே சொல்கிறார்.

படுகைக்குக் கூரையும், சிறுநீருக்கு இரண்டு அங்குலக் குழாயும், எஃகு வலையும் முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். உட்காரும் மேடையை முதியவர் இருக்கும் வீட்டுக்கு விருப்பத்தேர்வாக விடமாட்டேன். கூட்டம் வரும் நாட்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடும் தேவை. ஊருக்குள் இருக்கும் தம்பி வீட்டுக் கழிப்பறையை விருந்தாளிகள் பயன்படுத்துவது என்று இந்தக் குடும்பம் இப்போது வைத்திருக்கிறது.

இரண்டாவது அறையை 2025 ஜூலையில் அவரும் மனைவியும் தாங்களே திறந்து காலி செய்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, முடித்த பிறகு போனில் சொன்னார்கள். அடியில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இருந்ததாம். பலகையின் இடுக்கில் சுண்ணாம்புப் பூச்சு விட்டுப்போய் மழைச்சாரல் இறங்கியிருக்கிறது. அந்த ஈரப்பகுதியை மட்டும் அள்ளாமல் தனியாகச் சாம்பல் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள், அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்வார்கள். பூச்சை வருடம் ஒருமுறை, புரட்டாசியில் சாம்பல் டிரம் நிரப்பும்போதே பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.